அந்தக் குண்டு ஏன் அவள் மேலேயே பட்டது?

2016 மார்ச் 3, வியாழக்கிழமை இரவு. அமெரிக்காவின் சிடபிள்யூ சேனலில் 'தி ஹண்ட்ரட்' தொடரின் மூன்றாவது சீசன், ஏழாவது எபிசோடு. அணு ஆயுதப் போரில் பூமி எரிந்துபோய் நூறு வருடம் ஆகப்போகிற காலத்தில் நடக்கும் கதை இது. பிழைத்திருக்கும் பன்னிரண்டு குலங்களுக்கும் ஒரே தலைவி லெக்ஸா. போருக்குப் புறப்படும்போது கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை பூசியிருப்பாள். கண்ணீர் வழிந்து காய்ந்தது போல அது கன்னத்தில் இறங்கியிருக்கும். விண்வெளி நிலையத்திலிருந்து பூமிக்கு வந்த கூட்டத்தை வழிநடத்துகிற பெண் கிளார்க். இருவரும் எதிரிகளாகச் சந்தித்தவர்கள். பிறகு கூட்டுச் சேர்ந்தார்கள். போர்முனையில் லெக்ஸா கைவிட்டுப் போனதால் கிளார்க் அவளை வெறுத்தாள். அந்த வெறுப்பும் கரைந்து, ஒருவரையொருவர் மறக்க முடியாமல் திரும்பி வந்தார்கள். இந்தக் காதல் கனியுமா என்று ரசிகர்கள் ஒரு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்தார்கள்.

அன்றைக்குத்தான் கனிந்தது. கிளார்க் தன் மக்களிடம் திரும்பிப் போயாக வேண்டும். விடைபெற வருகிறாள், விட்டுப் போக முடியவில்லை. அப்புறம் கட்டிலில், லெக்ஸாவின் முதுகில் வரிசையாகப் பச்சை குத்தியிருக்கும் வட்டங்களை விரலால் தொட்டு இது என்ன என்று கேட்கிறாள். தலைமைக்காக நடந்த போட்டியில் செத்துப்போன பிள்ளைகள், ஆளுக்கொரு வட்டம் என்கிறாள் லெக்ஸா. ரத்தமும் சண்டையுமாக ஓடுகிற தொடரில் இவ்வளவு அமைதியான காட்சி அபூர்வம்.

சில நிமிடங்கள்கூட அந்த அமைதி நிற்கவில்லை. கிளார்க் தன் அறைக்குத் திரும்புகிறாள். அங்கே லெக்ஸாவின் ஆலோசகர் டைட்டஸ் துப்பாக்கியோடு நிற்கிறார். கிளார்க் மேல் வைத்த அன்பு தலைவியைப் பலவீனமாக்கிவிட்டது, ஆகவே கிளார்க் சாக வேண்டும் என்பது அவருடைய முடிவு. சுடுகிறார், குறி தவறுகிறது. சத்தம் கேட்டு ஓடிவந்து கதவைத் திறந்த லெக்ஸாவின் வயிற்றில் குண்டு பாய்கிறது. போர்க்களத்தில் யாராலும் வீழ்த்த முடியாதவள், வேறு ஒருத்திக்கு வைத்த குறியில் சாகிறாள். என் போர் முடிந்தது என்கிறாள். மறுபடி சந்திப்போம் என்று முடிகிற தன் மக்களின் விடைமொழியைக் கிளார்க் அவள் காதருகே சொல்கிறாள்.

அன்றிரவே ட்விட்டர், டம்ளர் என்ற சமூக ஊடகத் தளங்கள் அழுகையாலும் கோபத்தாலும் நிரம்பின. வெளியிலிருந்து பார்த்த பலருக்கு ஒன்றுமே புரியவில்லை. ஒரு டிவி பாத்திரம் செத்ததற்கு இவ்வளவா? அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. இதற்கு முன்பு இதைப் பற்றி எதுவும் படித்திராதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

பெயர் வைக்கும் அளவுக்குப் பழகிப்போன ஒன்று

ஆங்கிலத்தில் இதை 'பரி யுவர் கேஸ்' என்பார்கள். 'தன்பாலீர்ப்பாளர்களைப் புதைத்துவிடு' என்று பொருள். கதை எழுதுகிறவருக்கு யாரோ காதில் ஓதுகிற கட்டளை போன்ற பெயர். ஒரு கதையில் தன்பாலீர்ப்புள்ள பாத்திரம் வந்தால், கதை முடிவதற்குள் அது செத்துப்போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதே இதன் சாரம். அதிலும் ஒரு குறிப்பிட்ட நேரம் உண்டு. காதலைச் சொன்ன உடனே, சேர்ந்த உடனே, 'இனி நிம்மதி' என்று பார்ப்பவர் மூச்சு விட்ட உடனே.

செத்தவரின் சாவு யாருக்குப் பயன்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது இன்னொருவரின் கதையை நகர்த்தும். உயிரோடு இருப்பவர் பழிவாங்கக் கிளம்புவார், அல்லது உடைந்துபோவார், அல்லது திருந்துவார். செத்தவருக்கென்று இருந்த கனவு, பயம், குடும்பம் எல்லாம் அத்தோடு கதையிலிருந்து காணாமல் போகும்.

'தி ஹண்ட்ரட் மாதிரி தொடரில் எல்லாரும்தானே சாகிறார்கள்?' இந்தக் கேள்வி அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. நியாயமான கேள்விதான். கிளார்க்கின் முந்தைய காதலன் ஃபின்னும் அதே தொடரில் செத்தவன்தான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். க்ளாட் என்ற அமெரிக்க அமைப்பு, டிவியில் யார் யார் எத்தனை பேர் வருகிறார்கள் என்று வருடா வருடம் எண்ணுகிறது. 2015-16 சீசனில் பெரிய ஒளிபரப்புச் சேனல்களின் மாலைநேரத் தொடர்களில் நிரந்தரப் பாத்திரங்கள் 881. அதில் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளவர்கள் 35 பேர். நூற்றுக்கு நான்கு.

ஊரில் இருபது கிணறு இருந்தால், ஒன்று வற்றும்போது அடுத்த தெருவுக்குப் போய் இறைத்துக்கொள்ளலாம். ஊருக்கே ஒரு கிணறு என்றால் கதை வேறு. ஃபின் செத்தால், ஆணும் பெண்ணும் காதலிக்கிற கதைக்கு, பார்க்கிற ஒரு இளைஞன் எந்தச் சேனலை வேண்டுமானாலும் திருப்பலாம். லெக்ஸா செத்தால், ஒரு பெண்ணை விரும்புகிற பெண், அதுவும் படை நடத்துகிற, ஆட்சி செய்கிற, யாருக்கும் பயப்படாத ஒரு பெண்ணைப் பார்க்க ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எங்கே போவாள்?

என்னைக் கேட்டால், மொத்த விவகாரத்தின் உயிர்நாடி இந்தக் கணக்குதான். ரசிகர்களின் கண்ணீர் மிகை என்று சொல்பவர்கள் ஒரு சாவைப் பார்க்கிறார்கள். அழுதவர்கள் ஒரு வரிசையைப் பார்த்தார்கள்.

வரிசை எங்கே தொடங்கியது

ஹாலிவுட் சினிமாவுக்கு ஒரு ஒழுக்கவிதித் தொகுப்பு இருந்தது. ஹேய்ஸ் கோடு என்பார்கள். 1930-ல் எழுதி, 1934 முதல் கறாராக நடைமுறைப்படுத்தினார்கள். 1968-ல்தான் அது போயிற்று. தன்பாலீர்ப்பு அந்த விதிகளின் பார்வையில் 'வக்கிரம்'. காட்டக் கூடாது, சாடையாகக்கூட உணர்த்தக் கூடாது. தவறு செய்தவர் கதையில் தண்டனை பெற வேண்டும் என்பதும் அதே தொகுப்பின் விதி. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எப்படியோ நுழைந்துவிட்ட தன்பாலீர்ப்புப் பாத்திரத்துக்குச் சாவைத் தவிர வேறு வழி மிச்சமில்லை.

புத்தகத்திலும் இதே நிலைமைதான். அங்கே காவல் நின்றது தபால் துறை. 1952-ல் மேரிஜேன் மீக்கர், வின் பாக்கர் என்ற புனைபெயரில், இரண்டு கல்லூரிப் பெண்களின் காதலை நாவலாக எழுதினார். முடிவு மகிழ்ச்சியாக இருக்கக் கூடாது என்று பதிப்பாசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மகிழ்ச்சியாக முடிந்தால் ஆபாசத்தை ஆதரிக்கிறது என்று தபால் ஆய்வாளர்கள் புத்தகத்தைப் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்ற பயம். ஆகவே ஒருத்திக்குப் பைத்தியம் பிடித்தது. இன்னொருத்தி, தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று சொல்லி விலகினாள். அப்படித்தான் புத்தகம் கடைக்குப் போனது.

அதே 1952-ல் பட்ரீஷியா ஹைஸ்மித், கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் ஒரு நாவல் எழுதினார். அதிலும் இரண்டு பெண்கள். ஆனால் யாரும் சாகவில்லை. கடைசிப் பக்கத்தில் சேர்ந்து வாழும் நம்பிக்கை இருந்தது. அடுத்த வருடம் மலிவுப் பதிப்பு வந்த பிறகு வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. வாரத்தில் இரண்டு தடவை, பத்தும் பதினைந்துமாக, மாதக்கணக்கில். இந்த மாதிரிக் கதையில் நல்லபடியாக முடிகிற முதல் புத்தகம் இதுதான், நாங்கள் எல்லாருமே தற்கொலை செய்துகொள்வதில்லை, பலர் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று எழுதினார்கள். எழுதியவரின் உண்மைப் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. பதிப்பகத்தின் முகவரிக்கு அனுப்பினார்கள். (மீக்கரும் ஹைஸ்மித்தும் பின்னாளில் சில காலம் காதலர்களாக வாழ்ந்தது தனிக்கதை.)

லெக்ஸாவுக்காக அழுதவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடிதங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. அறுபது வருடத்துக்கு முன்னால் நன்றி சொல்லி எழுதிய கைகளும், 2016-ல் கோபமாகத் தட்டச்சு செய்த விரல்களும் கேட்டது ஒன்றைத்தான். எங்களில் ஒருத்தி உயிரோடு இருக்கட்டும்.

விதிகள் போன பிறகும் பழக்கம் போகவில்லை. 1981-ல் விட்டோ ருஸ்ஸோ என்ற ஆய்வாளர், ஹாலிவுட்டில் தன்பாலீர்ப்பாளர்களைக் காட்டிய விதம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னிணைப்பில் இறப்புப் பட்டியல் ஒன்று இருக்கும். எந்தப் படத்தில் எந்தப் பாத்திரம் எப்படிச் செத்தது, கொலையா தற்கொலையா என்று வரிசையாக. சாவுகளை எண்ணி எழுதி வைக்கிற வழக்கம் அப்போதே வந்துவிட்டது.

டிவியில் மறக்க முடியாத சாவு டாராவுடையது. 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' தொடரில் வில்லோ என்ற பெண்ணின் காதலி. கொஞ்சம் கூச்சம், திக்கித் திக்கிப் பேச்சு, எல்லாரிடமும் கனிவு. இருவரும் பிரிந்திருந்து மறுபடி சேருகிறார்கள். அந்தப் படுக்கையறையிலேயே, வெளியே தோட்டத்தில் வேறொருவரை நோக்கிச் சுட்ட குண்டு ஜன்னல் வழியாக வந்து டாராவின் மார்பில் பாய்கிறது. வில்லோவின் சட்டையில் ரத்தம் தெறிக்கிறது. ஒளிபரப்பான நாள் 2002 மே 7. டாராவாக நடித்த ஆம்பர் பென்சனின் பெயர் அதுவரை தொடரின் தொடக்க இசையோடு வரும் முதன்மைப் பட்டியலில் இருந்ததில்லை. அதில் முதல் தடவையாக வந்தது இந்த எபிசோடில்தான். கடைசித் தடவையும் அதுவே. இனி இவளும் நிரந்தரம் என்று சந்தோஷப்பட்ட ரசிகர்கள் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அவள் சாவைப் பார்த்தார்கள்.

2002-ல் டாராவைப் பார்த்து அழுதவர்களில் பலருக்கு 2016-ல் முப்பது வயதுக்கு மேல். லெக்ஸாவும் ஒரு படுக்கையறை, ஒரு சேர்தல், வேறொருவருக்கு வைத்த ஒரு குண்டு என்று செத்தபோது அவர்களுக்கு ஏதோ பழைய காயத்தை அதே இடத்தில் கீறியது போல இருந்திருக்கும்.

கற்பனை மனுஷிக்கு நிஜத் துக்கமா

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். 'பாராசோஷியல்' உறவு, அதாவது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஓடுகிற உறவு. திரையில் தெரிகிறவருக்கு நம்மைத் தெரியாது. நமக்கு அவரைத் தெரியும். வாரம் தவறாமல் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து போகிற ஒருவரை மனம் 'தெரிந்தவர்' கணக்கில்தான் வைக்கும். அவர் போனால் வலிக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இது எல்லா ரசிகர்களுக்கும் பொது. தன்பாலீர்ப்புள்ள ஒரு இளைஞருக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. வீட்டில் சொல்லவில்லை. பள்ளியில் யாருக்கும் தெரியாது. தன்னைப் போன்ற ஒருவரை நேரில் பார்த்ததே இல்லை. இந்த உலகத்தில் தனக்கு ஒரு வாழ்க்கை உண்டா என்ற கேள்விக்கு அவர் கண்முன் இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பாத்திரம்தான். சாட்சியைக் கொன்றுவிட்டால் தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று அந்தப் பிள்ளை தானாக முடிவு செய்துகொள்ளும். துக்கத்தைக்கூட வெளியே காட்ட முடியாது. 'ஏன் அழுகிறாய்?' என்று அம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது?

கார்டிஃபில் ஒரு சுவர் இருக்கிறது. வேல்ஸ் நாட்டுத் தலைநகரின் துறைமுகப் பகுதியில், மெர்மெய்ட் கீ என்னும் கடலோர நடைபாதையில். பிபிசியின் 'டார்ச்வுட்' தொடரில் ரகசிய அமைப்பின் வாசல் இருப்பதாகக் காட்டிய இடம் அது. அந்த அமைப்பில் எப்போதும் கோட்டும் சூட்டுமாக, எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டு, அதிகம் பேசாமல் இருப்பவன் இயான்டோ ஜோன்ஸ். அதன் தலைவன் ஜாக் சாவே இல்லாதவன். இருவரும் காதலர்கள்.

2009 ஜூலையில் ஐந்து இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பான கதையில், நான்காவது இரவு, ஜூலை 9 அன்று, இயான்டோ செத்தான். குழந்தைகளைப் பறித்துப் போக வந்த வேற்றுக்கோள் உயிரை எதிர்த்து நிற்கப் போய், அது கட்டடத்துக்குள் பரப்பிய நச்சுக்கிருமி தாக்கி, ஜாக்கின் மடியில். என்னை மறந்துவிடாதே என்று கேட்கிறான். ஆயிரம் வருடம் கழித்து உனக்கு என் ஞாபகம் இருக்காது என்கிறான். இருக்கும், சத்தியம் என்கிறான் ஜாக்.

ரசிகர்கள் பிபிசிக்குக் காப்பிப் பொட்டலங்களை அனுப்பினார்கள். காப்பி போட்டவன் செத்துவிட்டான், திருப்பித் தாருங்கள் என்று கேட்கிற விதம் அது. பிபிசியின் 'சில்ரன் இன் நீட்' குழந்தைகள் நல நிதிக்கு அவன் பெயரில் பணம் திரட்டினார்கள். பிறகு அந்தச் சுவருக்கு வந்தார்கள். பூ, புகைப்படம், கையால் எழுதிய கடிதம், கவிதை, மழையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போட்ட காகிதங்கள். வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களும் வைத்துவிட்டுப் போனார்கள். அதை யாரும் அகற்றவில்லை. அந்த வளாகத்தை நடத்துபவர்களே அதை அங்கீகரித்து ஒரு நினைவுப் பலகையும் வைத்தார்கள். நம் கோளின் குழந்தைகளைக் காக்க உயிர் கொடுத்தவர் என்று அதில் இருக்கிறது. பிறந்திராத ஒருவனுக்குப் பிறந்த வருடம், இறந்த வருடத்தோடு. பக்கத்து ஹோட்டலில் சாப்பிட வந்தவர்கள் யார் இந்த இயான்டோ ஜோன்ஸ், ஊர்ப் பெரியவரா என்று நின்று படித்துவிட்டுப் போவார்கள்.

அந்தத் தொடரின் தலைமைப் படைப்பாளர் ரஸ்ஸல் டி டேவிஸ் தன்பாலீர்ப்பாளர். பிரிட்டிஷ் டிவியில் தன்பாலீர்ப்பு ஆண்களின் வாழ்க்கையை 1999-லேயே கூச்சமில்லாமல் காட்டியவர். இந்த எதிர்ப்பை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேட்டிகளில் ஒதுக்கித்தான் பேசினார். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இயான்டோ தானாக எழுந்து நின்று, ஒரு அநியாயத்தை எதிர்த்துச் செத்தவன். லெக்ஸா, டாரா போலக் குறுக்கே வந்த குண்டில் செத்தவன் அல்ல. ஆனாலும் அந்தச் சுவரில் கடிதம் வைத்தவரின் துக்கம் இந்த வேறுபாட்டால் குறைந்துவிடாது. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஒரு கசப்பான பகுதியையும் சொல்லியாக வேண்டும். அந்த ஐந்து இரவுகளில் மூன்றாவது இரவின் கதையை எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மோரன். இயான்டோ சாகிற எபிசோடு அவருடையதே அல்ல. ஆனாலும் அவருக்கு வசவுச் செய்திகள் குவிந்தன. வேண்டாம் என்று அவர் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று. துக்கம் ஒரு தனிமனிதனை வேட்டையாட உரிமை தராது. வலி எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அந்தச் செய்திகளை என்னால் நியாயப்படுத்த முடியாது.

நம்பவைத்துக் கழுத்தறுத்தது

2016-க்குத் திரும்புவோம். லெக்ஸா விஷயத்தில் கோபம் இவ்வளவு கொதித்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்தத் தொடரின் ஷோரன்னர், அதாவது எழுத்துக் குழுவுக்கும் தயாரிப்புக்கும் தலைவர், ஜேசன் ரோதன்பெர்க். அவரும் குழுவினரும் சமூக ஊடகத்தில் ரசிகர்களோடு நெருக்கமாகப் பேசிவந்தார்கள். கிளார்க் இருபாலீர்ப்புள்ளவள் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மற்றத் தொடர்கள் சாடை காட்டி ஏமாற்றும்போது இவர்கள் நேர்மையானவர்கள் என்று ரசிகர்கள் நம்பினார்கள். நம்பியது மட்டுமில்லை, பார்க்காதவர்களையும் பார்க்கச் சொல்லி அழைத்துவந்தார்கள். சீசனின் கடைசி எபிசோடு வான்கூவரில் படமானபோது, லெக்ஸாவாக நடித்த அலிசியா டெப்னம்-கேரி படப்பிடிப்பில் இருப்பது தெரியவந்தது. அப்படியானால் கடைசி வரை அவள் உயிரோடு இருப்பாள் என்று நிம்மதி அடைந்தார்கள். அவர் அங்கே இருந்ததென்னவோ உண்மை. செத்த பிறகு ஒரு மெய்நிகர் உலகத்தில் வரும் காட்சிக்காக.

ஆக, ஆதரவை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்ற உணர்வும் சாவின் துக்கமும் சேர்ந்துகொண்டன. 'எல்ஜிபிடி (தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர்) ரசிகர்களுக்கு இதைவிட நல்லது கிடைக்க வேண்டும்' என்ற வாசகம் ட்விட்டரில் முன்னணிக்கு வந்தது. எபிசோடு ஓடுகிற நேரம் பார்த்து, தொடரின் பெயரைச் சொல்லாமல் இந்த வாசகத்தை மட்டும் பரப்பினார்கள். தொடருக்கு விளம்பரம் கிடைக்கக் கூடாது, கோரிக்கைக்குக் கிடைக்க வேண்டும் என்ற கணக்கு. நல்ல கணக்கு.

மனமுடைந்து எழுதிய சிறு வயது ரசிகர்களைப் பார்த்து மற்றவர்கள் பதறிப்போனார்கள். 'ட்ரெவர் ப்ராஜெக்ட்' என்று ஒரு அமைப்பு, 1998 முதல், தற்கொலை எண்ணத்தோடு தவிக்கும் எல்ஜிபிடி இளைஞர்களுக்காக உதவி எண் நடத்திவருகிறது. அதற்கு லெக்ஸாவின் பெயரால் நிதி திரட்டினார்கள். ஐந்து டாலர், பத்து டாலர் என்று சேர்ந்து ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. கற்பனைப் பாத்திரத்துக்காக அழுது நேரத்தை வீணடிக்கிறார்கள் என்றவர்களுக்கு நான் வைக்கிற பதில் இந்தத் தொகைதான். அந்த எண்ணை அழைத்த பிள்ளைகள் கற்பனை இல்லை.

மூன்று வாரம் கழித்து, மார்ச் 24 அன்று ரோதன்பெர்க் விரிவாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். நடிகை வேறொரு தொடருக்கு ஒப்பந்தமாகியிருந்தது, கதையின் தேவை என்று காரணங்களைச் சொன்னார். ஆனால் புண்படுத்தும் வழக்கங்கள் நிஜமாகவே இருக்கிற உலகத்துக்குத்தான் நான் தொடர் எடுக்கிறேன், அதைப் போதுமான அளவு உணரவில்லை, இப்போது தெரிந்தது அப்போது தெரிந்திருந்தால் அந்தச் சாவு வேறு மாதிரி நடந்திருக்கும் என்றும் ஒப்புக்கொண்டார். அந்த எபிசோடை எழுதியவர் ஹாவியர் கிரியோ-மார்க்சுவாக். அவர் ஓடி ஒளியவில்லை. கோபப்பட்டவர்களோடு மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார். அந்த வருடம் ஜூனில் டெக்சஸில் நடந்த ஒரு டிவி விழாவில் இந்த வழக்கத்தைப் பற்றிய விவாத மேடையிலும் போய் உட்கார்ந்தார். எழுத்தாளர்களில் எனக்கு மிகவும் மரியாதை வந்தது அவர் மேல்தான்.

கனடாவில் 'சேவிங் ஹோப்' என்ற மருத்துவத் தொடரோடு தொடர்புடைய சிலர் 'லெக்ஸா உறுதிமொழி' எழுதினார்கள். வேறொருவரின் கதையை நகர்த்துவதற்கு மட்டும் தன்பாலீர்ப்புப் பாத்திரத்தைக் கொல்ல மாட்டோம், ரசிகர்களை ஆசை காட்டி ஏமாற்ற மாட்டோம் என்பவை அதன் முக்கிய வாசகங்கள். எழுதுகிறவனின் கையைக் கட்டும் என்று கையெழுத்துப் போட மறுத்தவர்களும் உண்டு. அடுத்த வருடம், லெக்ஸா செத்த அதே மார்ச் 3 அன்று, லாஸ் வேகஸில் 'கிளெக்ஸாகான்' என்ற ரசிகர் மாநாடு தொடங்கியது. பெண்களை விரும்பும் பெண் பாத்திரங்களுக்கென்றே ஒரு மாநாடு. துக்க நாளில் கூட்டம் கூட்டி அதைத் திருவிழாவாக்கினார்கள்.

வரிசை மட்டும் நிற்கவில்லை. லெக்ஸாவுக்குப் பதினேழு நாள் கழித்து 'தி வாக்கிங் டெட்' தொடரில் டெனிஸ் என்ற லெஸ்பியன் மருத்துவர், பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணில் அம்பு பாய்ந்து செத்தார். மூலப் படக்கதையில் அந்த அம்பு வேறொரு ஆண் பாத்திரத்தின் மேல் பாய்ந்தது. டிவிக்கு வரும்போது அதை இவளுக்கு மாற்றினார்கள். 2016 தொடக்கம் முதல் அந்த வருடக் கடைசிக்குள் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட லெஸ்பியன், இருபாலீர்ப்புப் பெண் பாத்திரங்கள் டிவியில் செத்ததாகக் க்ளாட் எண்ணியது.

அப்படியானால் யாருமே சாகக் கூடாதா?

சாகலாம். தன்பாலீர்ப்புள்ளவருக்கு மட்டும் சாகாவரம் கொடுத்தால் அதுவும் அவரை மனிதராகப் பார்க்காத ஒரு விதம்தான். நான் கேட்கும் கேள்விகள் வேறு. இந்தச் சாவு இவருடைய சொந்தக் கதையிலிருந்து பிறந்ததா, இன்னொருவரை அழவைக்கத் தேவைப்பட்டதா? இவர் போனால் இந்தக் கதையில் இவரைப் போன்ற வேறு யாராவது மிச்சம் இருக்கிறார்களா? சந்தோஷம் வந்த அதே நொடியில் ஏன்? இந்த மூன்றுக்கும் எழுதுகிறவரிடம் பதில் இருந்தால், ரசிகர்கள் அழுவார்கள், ஆனால் ஏமாந்ததாக உணர மாட்டார்கள்.

பதில் இல்லாமல் நடந்ததற்கு 'கில்லிங் ஈவ்' தொடர் ஒரு உதாரணம். 2022 ஏப்ரலில் கடைசி எபிசோடு. நான்கு சீசன் துரத்தி ஓடிய பிறகு, உளவுத்துறைப் பெண் ஈவும் கூலிக் கொலைகாரி வில்லனெல்லும் கடைசியில் சேருகிறார்கள். உடனே வில்லனெல்லைச் சுட்டுக் கொல்கிறார்கள். தொடருக்கு மூலமான கதைகளை எழுதிய லூக் ஜென்னிங்ஸே கார்டியன் இதழில் கண்டித்து எழுதினார். லெக்ஸாவின் சாவையும் அதில் குறிப்பிட்டார். திரையில் இல்லாவிட்டாலும் புத்தகத்தில் வில்லனெல் திரும்பி வருவாள் என்று வாக்குக் கொடுத்தார்.

2016 ஜூனில், லெக்ஸாவின் சாவுக்கு மூன்றரை மாதம் கழித்து, 'வைனோனா ஏர்ப்' தொடரின் முதல் சீசன் முடிவு. அதில் வேவர்லி என்ற பெண்ணும் நிக்கோல் ஹாட் என்ற போலீஸ் அதிகாரியும் காதலிக்கிறார்கள். அந்த வருடத்தை அனுபவித்த ரசிகர்களுக்கு உள்ளுக்குள் நடுக்கம். ஷோரன்னர் எமிலி ஆண்ட்ராஸ் அதைப் புரிந்துகொண்டு, இருவருமே இந்த சீசனில் சாக மாட்டார்கள் என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கதையின் முடிச்சை அவிழ்த்தாலும் பரவாயில்லை என்று. அப்படியிருந்தும் நிக்கோலை நோக்கித் துப்பாக்கி நீண்டபோது பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைத்திருக்கும். குண்டு நேராக மார்பில் படுகிறது. அவள் விழுகிறாள். வேவர்லி ஓடிவந்து மண்டியிட்டு அவள் சீருடையைத் திறக்கிறாள். உள்ளே குண்டு துளைக்காத கவசம். நிக்கோல் வலியோடு மூச்சு விடுகிறாள்.